வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்து டிரேடிங்கில் போடலாமா?

வயது 26, மூன்று வருடம் பார்த்த வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போகிறீர்கள். பி.எஃப். கணக்கில் 95 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதை எடுத்து டிரேடிங்கில் போடலாமா, முதலீட்டை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்காதீர்கள். கோவையில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.எஃப். படிவங்கள் தினமும் என் மேஜைக்கு வந்து போகிறவை. அதனால் காரணத்தை விவரமாகவே சொல்கிறேன்.

உங்கள் அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், உங்களிடம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் 1,800 போடுகிறது. ஆனால் கம்பெனி போடுவதில் 550 ரூபாய்தான் பி.எஃப்.புக்குப் போகும், மீதி 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். பாஸ்புக்கைத் திறந்தால் தொழிலாளர் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் என்று மூன்று பத்திகள் இருக்கும். முதல் இரண்டிலும் வருடா வருடம் வட்டி ஏறும். 2024-25க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். மூன்றாவது பத்தியில் வட்டி ஏறாது. அதைப் பார்த்துவிட்டு, "இது சும்மாதானே கிடக்கிறது" என்று வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுக்கும் படிவம் 19உடன், பென்ஷன் பணத்தை எடுக்கும் படிவம் 10சியும் போட்டு இரண்டையும் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். பெரிய சேதம் நடப்பது இங்கேதான்.

அந்த மூன்றாவது பத்தியில் பணத்தைவிடச் சர்வீஸ்தான், அதாவது பென்ஷன் திட்டத்தில் இருந்த வருடக் கணக்குதான், முக்கியம். பத்து வருடம் சேர்ந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். சம்பள உச்சவரம்பு 15,000. முப்பது வருடம் இருந்தால் மாதம் 6,400 ரூபாய்க்கு மேல் வரும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஆயுள் முழுக்க வரும், உங்களுக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கும் ஒரு பங்கு போகும். 10சி போட்டுப் பணத்தை எடுத்தால் அதுவரை இருந்த சர்வீஸ் அழிந்துவிடும், அடுத்த கம்பெனியில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

எங்கள் ஆலையில் 58 வயதில் ஓய்வுபெற்ற ஒரு மெஷின் ஆபரேட்டரின் கணக்கை முடித்துக் கொடுத்தேன். மூன்று ஆலைகளில் சேர்த்து இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவர். முதல் இரண்டு முறை வேலை மாறியபோதும் 10சி போட்டு எடுத்திருந்தார். கடைசியாக எங்களிடம் இருந்தது எட்டு வருடம். பென்ஷன் கிடையாது, மொத்தமாக ஒரு தொகைதான் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது எடுத்த பணம் என்ன ஆயிற்று என்பது அவருக்கே நினைவில்லை.

சரி, உங்கள் 95 ஆயிரத்துக்கு வருவோம். 8.25 சதவீதமே தொடரும் என்று வைத்துக்கொண்டால், இனி ஒரு ரூபாய் சேர்க்காவிட்டாலும் 58 வயதில் அது ஏறக்குறைய 12 லட்சம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், அந்த 12 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல். விலைவாசியையும் தாண்டி இரண்டு மடங்கை ஒட்டி வருகிறது, அதுவும் சந்தை ஆட்டம் எதுவும் இல்லாமல். இப்போது எடுத்தால் ஐந்து வருட சர்வீஸ் நிறையாததால் வரி உண்டு. 50,000 ரூபாயைத் தாண்டுவதால் பான் இணைத்திருந்தாலும் பொதுவாக 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

டிரேடிங் பற்றி என் அபிப்பிராயத்தைவிட, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கணக்கே போதும். பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போட்டு வியாபாரம் செய்யும் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பவர்களிலும் 2022-23இல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஓய்வுக்காலப் பணத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

பி.எஃப்.பை எடுப்பவர்கள் எல்லோரும் ஆசையால் எடுப்பதில்லை. பழைய சம்பளம் நின்று புதுச் சம்பளம் வரும்வரை கையில் காசிருக்காது, வாடகையும் இ.எம்.ஐ.யும் காத்திருக்காது. அதனால் மாதாமாதம் மிச்சம் பிடிக்கும் பணத்தில் முதல் வேலையாக, நான்கு மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் ஆர்.டி. (மாதத் தவணை வைப்பு) போட்டுச் சேருங்கள். வட்டி குறைவு என்று பார்க்காதீர்கள், பி.எஃப்.பில் கை வைக்காமல் காப்பாற்றப்போவது அதுதான்.

அப்புறம் பங்குச்சந்தை. ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும் குறியீடு நிஃப்டி 50. அதே கம்பெனிகளில் பணத்தைப் போடும் இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்றில், இடைத்தரகர் இல்லாத டைரக்ட் பிளானில், மாதாமாதம் ஒரு தொகை போடும் எஸ்.ஐ.பி. தொடங்கினால் போதும். அதே ஃபண்டின் ரெகுலர் பிளானில் இடைத்தரகருக்குக் கமிஷன் போகும். பத்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பணத்தை மட்டும் போடுங்கள். 2020 ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது. அடுத்த முறையும் அவ்வளவு சீக்கிரம் எழும் என்று யாரும் உறுதி தர முடியாது. இறங்கும்போது விற்காமல் இருக்க முடியாது என்று தோன்றினால், கம்பெனியில் சொல்லி 12 சதவீதத்துக்கு மேல் வி.பி.எஃப். (நீங்களாக விரும்பிக் கூடுதலாகக் கட்டும் பி.எஃப்.) பிடிக்கச் சொல்லலாம். அதற்கும் பி.எஃப். வட்டிதான்.

பழைய கம்பெனியை விடுமுன் ஒரு காரியம் பாக்கி. ஆதாரிலும் பி.எஃப்.பிலும் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல: ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. கணக்கு மாற்ற விண்ணப்பம் இதிலேயே சிக்கி நிற்கும். பழைய கம்பெனியில் நீங்கள் இருக்கும்போதே, நீங்களும் கம்பெனியும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்திவிடுவது சுலபம். நாமினியையும் அப்போதே பதிந்துவிடுங்கள். பணியில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு, அதற்கு நீங்கள் பிரீமியம் எதுவும் கட்டுவதில்லை.

வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி பதியாமல் விட்டால், கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கழித்து பி.எஃப். போர்ட்டலில் நீங்களே பதியலாம். புதுக் கம்பெனியில் படிவம் 11 தருவார்கள். "முன்பு பி.எஃப். உறுப்பினரா" என்ற கேள்விக்கு "ஆம்" என்று போட்டு, கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான பழைய யு.ஏ.என். நம்பரையே எழுதுங்கள். முதல் மாதப் பணம் புதுக் கணக்கில் ஏறியதும், பழைய இருப்பு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் போர்ட்டலில் கணக்கு மாற்ற விண்ணப்பம் போடுங்கள்.