மகன் ஒருமுறை குடித்துப் பிடிபட்டான்: ராணுவ அதிகாரி ஆகும் வழி அடைபட்டுவிட்டதா?

ஐயா, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை நீங்கள் மகனோடு என் பயிற்சி மைய அலுவலகத்துக்கு வந்தபோது, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். வைத்த பிறகும் அதன்மேல் இருந்த விரலை எடுக்கவில்லை. பள்ளி கொடுத்த ஒரு வார இடைநீக்கக் கடிதம் அது. பாலக்காடு சித்தூரில் கொங்கன் படைத் திருவிழா நடந்த இரவில், ஆற்றங்கரையில் நண்பர்கள் நால்வரோடு கள் குடித்துக்கொண்டிருந்த உங்கள் மகனைப் போலீசார் ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்றதையும், உங்களை வரவழைத்துக் கண்டித்து அனுப்பியதையும் சொன்னீர்கள். "என்.டி.ஏ. ஆசை இத்தோடு போச்சா சார்?" என்று மூன்று முறை கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று நான் சொன்ன பதில் அரைகுறையாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போகவில்லை. 17 வயதில் ஒருமுறை குடித்தான் என்பதற்காக ஒருவனை அதிகாரித் தேர்விலிருந்து நீக்கும் விதி எதுவும் நம் நாட்டில் இல்லை. என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்புக் கழகத்துக்காக மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. வெளியிடும் அறிவிப்பு வயது, கல்வி, திருமணமாகாமை, உடற்தகுதி ஆகியவற்றைக் கேட்கிறது. மது அருந்தியதுண்டா என்று கேட்பதில்லை. ஆனால் உங்களோடு வந்திருந்த மைத்துனர், "இதையெல்லாம் எங்கேயும் வாய் திறக்கக் கூடாது, கேட்டா குடிச்சதே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிடணும்" என்றாரே, அந்த யோசனைதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. அவர் பாசத்தில் சொன்னார் என்பது தெரியும். இருந்தாலும் பையனுடைய எதிர்காலத்தைக் கெடுக்கக்கூடியது இதில் எதுவென்றால், அந்த இரவைவிட அந்தப் பொய்தான்.

உங்கள் மகன் கைப்பேசியில் படித்துவிட்டுப் பயந்துபோன செய்திகள் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக மாநிலங்கள் எல்லாம் மது வாங்க 21 வயதை வரம்பாக வைத்திருக்கின்றன. பாதுகாப்பு அனுமதிக்கான அவர்களுடைய விண்ணப்பப் படிவம் கடந்த 7 ஆண்டுகளில் மதுவால் வேலையிலோ சட்டத்திலோ சிக்கல் வந்ததா என்று நேரடியாகவே கேட்கிறது. பழைய தவறுகளுக்கு விதிவிலக்குக் கோரும் முறையும் அங்கே உண்டு. அந்த நடைமுறை எதுவும் இங்கே பொருந்தாது. நம் ஊரில் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த இரவைப் பற்றி எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது. மதுவைப் பற்றிய கேரளச் சட்டமான அப்காரி சட்டப்படி மது அருந்தக்கூடிய வயது 23; 2018இல்தான் அதை 21இலிருந்து உயர்த்தினார்கள். கள்ளும் அதில் அடக்கம். (பன்னிரண்டாம் வகுப்பு முடித்து என்.டி.ஏ.வில் மூன்று ஆண்டு, டேராடூனில் ஓராண்டு என்று பயிற்சி முடித்து லெப்டினன்டாக ஊர் திரும்பும் ஒரு பையன், அப்போதும் சித்தூர் கள்ளுக்கடையில் சட்டப்படி உட்கார முடியாதவனாகவே இருப்பான்.) எனவே உங்கள் மகன் செய்தது சட்டமீறல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கு 18 நிறையவில்லை. 18 நிறையாதவரைச் சட்டம் குழந்தையாகவே கருதுகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகளின்படி, வயது வந்தவர்களோடு சேர்ந்து செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லாதவரை, இத்தகைய சிறு மீறலுக்கு அவன்மேல் எஃப்.ஐ.ஆர். பதியாமல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் மட்டும் எழுத வேண்டும். மாறாக, குழந்தைக்கு மதுவைக் கொடுத்தவருக்குத்தான் அதே சட்டத்தின் 77ஆம் பிரிவு 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது.

நிலையத்துக்கு நேரில் போய், அல்லது ஒரு வழக்கறிஞரை அனுப்பி, நாட்குறிப்பில் என்ன எழுதப்பட்டது, வேறு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "கண்டித்து அனுப்பிட்டாங்க, ஒண்ணுமில்லை" என்று வீடு திரும்பிய பெற்றோர், இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்ற அழைப்பாணையைப் பார்த்துத் திகைத்ததை நான் கண்டிருக்கிறேன். இங்கே, அன்று கூட இருந்த உங்களுடைய அண்டை வீட்டுப் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவனுக்கு 18 நிறைந்துவிட்டது என்றீர்கள். பொது இடத்தில் போதையில் நடமாடினான் என்று கேரளப் போலீஸ் சட்டத்தின் 118ஆம் பிரிவில் அவன்மேல் பெட்டி கேஸ் (சிறு வழக்கு) போட்டிருந்தால், யாரோ சொன்னார்கள் என்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. அபராதம் கட்டினால் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். மத்திய அரசுப் பணிக்கான சான்றுறுதிப் படிவத்தில் கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு நடந்ததுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று தனித்தனியாகக் கேள்விகள் இருக்கும். அந்தப் பையன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம் என்று அவன் வீட்டாரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: அன்று இரவு ஆற்றங்கரைக்குப் பைக்கில் போனார்களா, ஓட்டியது யார்? நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் மகன் ஓட்டியிருந்து அது பதிவாகியிருந்தால், விஷயம் கள்ளோடு நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவு, 18 நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. பையனுக்கோ 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

இனி, உங்கள் மகனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு. குழந்தையாக இருந்தபோது செய்த குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் நேரக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. 16 வயதைக் கடந்து கொடுங்குற்றம் செய்து, வயது வந்தோராகக் கருதப்பட்டு விசாரிக்கப்பட்டவர்களுக்கே அதில் விலக்கு. நன்னடத்தைச் சான்றுக்காக அத்தகைய பழைய பதிவைப் போலீசார் வெளியிடக் கூடாது என்று 74ஆம் பிரிவு தடுக்கிறது. ஆக, உங்கள் மகனுடைய அந்த இரவு சட்டத்தின் கண்ணில் மறக்கப்பட வேண்டிய ஒன்று. அந்த மறதி அவனுடைய உரிமை. தானாக முன்வந்து ஊரெல்லாம் பறைசாற்ற வேண்டிய கடமை அவனுக்கு இல்லை. படிவம் நிரப்பும் காலம் வரும்போது ஒவ்வொரு கேள்வியின் சொற்களையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்து, அதற்குரிய உண்மையான பதிலை எழுதினால் போதும்.

வயது வந்த பிறகு நடந்தவற்றுக்கும் நீதிமன்றங்கள் கண்மூடித்தனமான கடுமை காட்டுவதில்லை. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது என்று முதலில் வலியுறுத்திவிட்டு, இளமையில் செய்த அற்பமான குற்றமாக இருந்தால் மறைத்ததையும்கூட வேலை கொடுப்பவர் தம் விருப்பப்படி மன்னிக்கலாம் என்றது. மன்னிக்கலாம் என்றுதான் சொன்னதே தவிர, மன்னித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையை எழுதியவனுக்கு அந்த மன்னிப்பைத் தேடி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டிய தேவையே வராது.

இப்போது, எழுத்துத் தேர்வில் தேறியவர்களை ராணுவத் தேர்வு வாரியம் நேரில் சோதிக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு வருகிறேன். என் மனதில் நீண்ட நேரம் ஓடியது இதுதான். ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வில் நிரப்பும் தன்விவரப் படிவத்தில் குடிப்பழக்கம் பற்றிய கேள்வி இல்லை. ஆனால் ஊரும் தந்தையின் தொழிலும் அதில் இருக்கும். சித்தூர் வட்டம், தென்னந்தோப்பு என்று அவன் எழுதுவான். கேரளம் முழுவதற்கும் கள் போகும் ஊர் இது. உங்கள் தோப்பிலேயே பாதி மரங்களைக் கள்ளுக்கு விட்டிருக்கிறீர்கள். எதிரே இருக்கும் அதிகாரி, "தோப்பில் வருமானம் எதிலிருந்து வருகிறது?" என்று தொடங்கி, மரத்துக்கு என்ன குத்தகை, கள் இறக்கும் செத்துகாரர் ஒரு நாளைக்கு எத்தனை முறை மரம் ஏறுவார், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் கள்ளுக்கு ஏன் தடை என்றெல்லாம் ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, "நீ குடித்துப் பார்த்திருக்கிறாயா?" என்று முடிப்பது மிக இயல்பான ஒன்று. உங்கள் மகனிடம் அந்தக் கேள்வி அவனுடைய ஊரின் வழியாகவே வந்துசேரும்.

அதனால் அன்று நீங்கள் வெளியே தேநீர் குடிக்கப் போன இடைவேளையில் அவனை உட்காரவைத்து இதே வரிசையில் கேட்டுப் பார்த்தேன். குத்தகை விவரத்தையெல்லாம் தடங்கலின்றிச் சொன்னவன், கடைசிக் கேள்வி வந்ததும் மேசைமேல் இருந்த என் காகிதக்கனத்தைப் பார்த்தபடி, "இல்லை சார், வாசனையே பிடிக்காது" என்றான். குரல் மாறிவிட்டது, காது மடல் சிவந்தது. பல்லாயிரம் இளைஞர்களைப் பார்த்துப் பழகிய ஓர் அதிகாரிக்கு அது போதும். உளவியல் சோதகர், குழுப்பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாள் கலந்தாய்வில்தான் ஒன்றுசேர்கிறார்கள். மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதே அவர்கள் பார்க்கும் பொருத்தம். பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவனே எழுதும் பகுதியும் அந்தச் சோதனைகளில் உண்டு. அங்கே ஒன்று எழுதி இங்கே ஒன்று பேசினால் மூன்று பேரின் குறிப்புகளும் ஒன்றோடொன்று முட்டும்.

"ஒருமுறை குடித்தேன் சார், பிளஸ் டூ படிக்கும்போது, திருவிழா அன்று. போலீசார் பிடித்து அப்பாவை வரவழைத்தார்கள். அதன் பிறகு தொடவில்லை." இவ்வளவுதான் பதில். அழுகையோ நீண்ட விளக்கமோ நண்பர்கள்மேல் பழியோ வேண்டாம். அடுத்து, "ஏன் குடித்தாய்?" என்று கேட்டால், தன் முடிவு அது என்று சொல்லத் தெரிய வேண்டும். பொறுப்பேற்றல் என்பது அவர்கள் தேடும் 15 குணங்களில் ஒன்று. இந்தப் பதிலை அவனுக்கு நான் மனப்பாடம் செய்விக்கப் போவதில்லை. "அதன் பிறகு தொடவில்லை" என்ற வரி உண்மையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டீர்கள். ஓரிரு முறை குடித்தது ஆண்டு கழித்து எந்தச் சோதனையிலும் தெரியாது. பழக்கமாகிவிட்டால் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் கல்லீரலில் கொழுப்பைக் காட்டிக்கொடுக்கும். ராணுவத்தில் கேன்டீன் சரக்கு தாராளமாகக் கிடைக்கும், அங்கே யாரும் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்று ஊரில் பேசுவதையும் நம்ப வேண்டாம். பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் காணப்படும் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கும் அளவுக்கு 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆகவே நீங்கள் அவனிடம் தனியாக, அடிக்காமல், திட்டாமல் ஒன்றைக் கேட்க வேண்டும்: இது முதல் முறையா? அடிக்கடி நடக்கிறது என்று தெரியவந்தால், என்.டி.ஏ.வை ஒரு வருடம் ஒத்திவைத்துவிட்டு கேரள அரசின் போதை மீட்பு மையமான விமுக்திக்கோ ஒரு நல்ல மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். சிகிச்சை பெற்றது பின்னால் மருத்துவக் குழுவில் கேள்வியாகலாம். இருக்கட்டும். வேலையைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையை நோயோடு விட்டுவைக்கக் கூடாது.

முதல் முறைதான் என்றால், உண்மையான தடை வேறெங்கோ இருக்கிறது. கணக்குத் தாளில் 120 கேள்விகள், 300 மதிப்பெண். பொதுத் திறன் தாள் 600 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள். சென்ற மாதம் நான் வைத்த மாதிரித் தேர்வில் அவன் முக்கோணவியல் முழுவதையும் விட்டுவிட்டான். ஆங்கிலப் பகுதியில் பாதியைத் தொடவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது, பயிற்சி தொடங்கும்போது 19½ வயதைத் தாண்டாதவர் எழுதலாம் என்பதால் அவனுக்கு இன்னும் வாய்ப்புகள் மீதமிருக்கின்றன.

இடைநீக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம். நிலையத்தில் கிடைக்கும் விவரத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். மாற்றுச் சான்றிதழில் நடத்தை பற்றி என்ன எழுதப் போகிறார்கள் என்று தலைமையாசிரியரை நேரில் பார்த்துக் கேளுங்கள்; ஒரு வார இடைநீக்கம் பள்ளியிலிருந்து வெளியேற்றியதாகாது என்பதையும் பணிவாகச் சொல்லுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனை மட்டும் தனியாக அனுப்புங்கள். முக்கோணவியல் வினாத்தாள் ஒன்றை எடுத்து வைத்திருப்பேன்.