சிக்கனம், கூடங்குளம், ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு மணிநேரம் எல்லா விளக்குகளையும் அணைத்தோம். நான்தான் முன்னின்று ஏற்பாடு செய்தேன். மொட்டைமாடியில் குழந்தைகளுக்கு நட்சத்திரம் காட்டினோம். அங்கே பேச்சு வளர்ந்து, என் மைத்துனர் “இதெல்லாம் வேடிக்கை, கூடங்குளம் மாதிரி இன்னும் பத்து அணு உலை கட்டினால்தான் நாடு உருப்படும்” என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆசை குறைந்தால் தேவை குறையும். தேவை குறைந்தால் உலை எதற்கு? நம் பாட்டன் பூட்டன் மின்சாரம் இல்லாமல் நிறைவாக வாழவில்லையா? ஜெர்மனியே மூடிவிட்டது. புகுஷிமாவைப் பார்த்தபிறகும், கழிவை ஆயிரக்கணக்கான வருடங்கள் காவல் காக்கவேண்டும் என்று தெரிந்தபிறகும் நாம் ஏன் கட்டிக்கொண்டே போகிறோம்? வீட்டில் மகள் ஏசி கேட்கிறாள். கொள்கை காரணமாக மறுத்துவருகிறேன். நான் செய்வது சரிதானா?

எஸ்., கோவில்பட்டி

*

அன்புள்ள எஸ்.,

ஒரு குடியிருப்பில் இருப்பவர்களைக் கூட்டி ஒரு காரியம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். குப்பையைப் பிரித்துப் போடும் விஷயத்திலேயே நாங்கள் இங்கே இரண்டு அணியாகக் கிடக்கிறோம். ஆகவே உங்கள் மொட்டைமாடிக் கூட்டத்தைக் கேலி செய்யமாட்டேன். பிள்ளைகள் நட்சத்திரம் பார்த்தது நல்லது.

ஆனால் ‘பாட்டன் பூட்டன் நிறைவாக வாழவில்லையா’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சும்மா விடமுடியாது. இதே பேச்சைக் கொஞ்ச நாளாகப் பலர் வாயிலிருந்தும் கேட்டு வருகிறேன். எழுதவேண்டும் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

பாட்டனைக் கேட்டால் நிறைவு என்றுதான் சொல்வார். பாட்டியைக் கேட்டீர்களா?

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆட்டுக்கல் கிடந்தது. வீட்டில் ஆட்கள் அதிகம், அப்பாவுக்கு இட்லி என்றால் உயிர். சாயங்காலம் அம்மா அதன்முன் மணைப்பலகையைப் போட்டு உட்காருவாள். வலது கை குழவியைச் சுற்றும், இடது கை வழிந்துவரும் மாவைக் குழிக்குள் தள்ளும். குழவி வரும் வேகத்துக்கு இடது கை விரல்களை இழுத்துக்கொள்ளவேண்டும். கொஞ்சம் பிசகினால் நகம் போய்விடும். முதலில் உளுந்து. தண்ணீர் தெளித்துத் தெளித்து அது பொங்கி வரும்வரை ஆட்டவேண்டும். அப்புறம் அரிசி. வழித்தெடுத்துக் கல்லைக் கழுவி முடிக்கும்போது இருட்டியிருக்கும். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். படுக்கப்போகும்முன் அக்கா அவள் தோளில் நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். இதை எங்கள் வீட்டில் யாரும் வேலை என்றே சொன்னதில்லை. “மாவாட்டிட்டியா?” என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

கிரைண்டர் வாங்கியபோது அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். மிஷின் மாவு சூடேறிப்போகும், கல்லில் ஆட்டிய ருசி வராது என்றார். கல்லில் ஒருநாள்கூட அவர் கைவைத்தவரில்லை. அம்மா பதில் சொல்லவில்லை. கிரைண்டரை ஓடவிட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வாரப்பத்திரிகையில் தொடர்கதை படித்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கையில் பத்திரிகையோடு அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நல்ல திடமான ஆள் நாள் முழுக்க உடலுழைப்புச் செய்தால் அவரால் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் எடுத்துக்கொள்ளும் அளவு. ஆயிரம் வாட் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே 8 மணிநேரம் உழைத்தால் 0.6 யூனிட். அதாவது ஒரு யூனிட் மின்சாரம் என்பது ஒன்றரை நாளுக்கும் மேலான மனித உழைப்பு. உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 ஆள்நாள். எட்டுப் பேர் லீவு எடுக்காமல் தினமும் உங்கள் வீட்டில் வேலை பார்க்கிறார்கள். சோறு கேட்பதில்லை, கூலியும் இல்லை. பில் மட்டும் வருகிறது.

முன்பு அந்த எட்டுப் பேரும் யார்? வீட்டில் அம்மா, மருமகள், வாழாமல் திரும்பிவந்த அத்தை. காட்டில் பண்ணையாள். கிணற்றில் கமலை இழுத்த மாடு, அதை விடியுமுன்னே பூட்டி முன்னும் பின்னும் நடந்த மனிதன். உங்கள் கரிசல் பக்கம்தான் இது, வயசானவர்களை விசாரித்துப் பாருங்கள். பாட்டனுடைய நிறைவு இவர்களுடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் காலம் எளிமையாக இருந்தது என்று சொல்கிறவர்கள் எல்லாரும், நான் பார்த்தவரை, அந்த எட்டுப் பேரில் தாங்கள் ஒருவராக இருந்திருப்போம் என்று கற்பனை செய்வதே இல்லை. கற்பனையில் எப்போதும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் தம்பி. கோபித்துக்கொள்ளவேண்டாம்.

உண்மையான விளக்கணைப்பையும் நாம் பார்த்தவர்கள்தானே. 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு தினமும் பத்து மணிநேரத்துக்கும் மேல் இருட்டில் கிடந்தது. யாரும் நட்சத்திரம் பார்க்கவில்லை. கரண்ட் வரும் நேரம் பார்த்துப் பெண்கள் நடுராத்திரி எழுந்து மாவாட்டினார்கள், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள். பட்டறைக்காரர்கள் டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டிக் கடனாளி ஆனார்கள். அதுவும் ஒரு வகையில் மின்சேமிப்புதான்.

சேமிப்பே வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. வீணாக்குவது வேறு. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் நானும்தான் கத்துகிறேன். ஆனால் பெரிய அளவில் மின்சாரத்தை மிச்சப்படுத்தியது எது என்று பாருங்கள். ‘மின் சிக்கனம் தேவை இக்கணம்’ என்று சுவரில் எழுதினோம், அதன்கீழேயே 60 வாட் குண்டுபல்பு எரிந்தது. அப்புறம் எல்இடி வந்தது. அதே வெளிச்சம், 9 வாட். வெள்ளை வெளிச்சத்துக்கு வழிசெய்த நீல எல்இடியைக் கண்டுபிடித்த, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். 2015-இல் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி 36 கோடிக்கும் மேலான பல்புகளை மலிவாக வினியோகித்தது. யாரும் ஆசையைக் குறைத்துக்கொள்ளவில்லை, யாரும் இருட்டில் உட்காரவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் கிடைத்த சேமிப்பு அது. நீங்கள் சிக்கனத்தையும் தொழில்நுட்பத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள். முதலாவதைக் கொண்டுவந்ததே இரண்டாவதுதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மிச்சமானது அப்படியே மிச்சமாக இருப்பதில்லை. ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1865-லேயே இதைச் சொன்னார். நீராவி இயந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியபின் இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை. நம் ஊர் ஜவுளிக்கடை வாசலைப் பாருங்கள், எல்இடி சரம் எத்தனை மாடிக்குத் தொங்குகிறது! கூடட்டுமே. இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு சுமார் 1,400 யூனிட் செலவாகிறது. அமெரிக்காவில் சுமார் 12,000. குறைத்துக்கொள்ளச் சொல்வதென்றால் அங்கே போய்ச் சொல்லவேண்டும். இங்கே இன்னும் கிரைண்டர் வராத வீடுகள் இருக்கின்றன.

ஆக மின்சாரம் கூடுதலாக வேண்டும். எதிலிருந்து? உங்களுக்குப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். தூத்துக்குடி அனல்மின் நிலையம், தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலை 1,000 மெகாவாட். ஏறக்குறைய சமம். தூத்துக்குடிக்கு ஒடிசாவிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் நிலக்கரி வருகிறது. ஐந்தும் முழுவீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 15,000 டன் அளவுக்குத் தேவை. அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். கூடங்குளம் உலைக்கு? வருஷத்துக்குச் சுமார் 25 டன் எரிபொருள். வருஷத்துக்கு!

நீங்கள் கழிவு கழிவு என்கிறீர்கள். அந்த 25 டன், இருக்கும் இடம் தெரிந்த, எண்ணி வைக்கப்பட்ட, தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும் திடப்பொருள். அதை என்ன செய்வது என்பது பெரிய வேலைதான். கண்ணாடியோடு உருக்கி இறுக்கும் முறை இருக்கிறது, பின்லாந்தில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து இடம் தயார் செய்திருக்கிறார்கள். அனல்மின் நிலையத்தின் கழிவு எங்கே இருக்கிறது தெரியுமா? எண்ணூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, வலையில் மீனுக்குப் பதில் சேறு வருகிறது என்று மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்கிறார்கள். மிச்சம் நம் நுரையீரலில் இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் யுரேனியமும் தோரியமும்கூடச் சிறிதளவு உண்டு. அதற்கெதிராக உங்கள் மொட்டைமாடியில் யாரும் விளக்கணைக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சாவு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, செய்தியாகாமல் நடக்கிறது.

புகுஷிமா. 2011 மார்ச் 11-இல் வந்த பூகம்பமும் ஆழிப்பேரலையும் 18,000 பேரைக் கொண்டுபோயின. அணு உலையின் கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது ஒருவரை. அவசர அவசரமாக மக்களை வெளியேற்றியதில், முதியவர்களும் நோயாளிகளுமாக இறந்தவர்கள் 2,000-க்கும் மேல். பயமும் ஆள் கொல்லும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அங்கே டீசல் ஜெனரேட்டர்கள் வெள்ளத்தில் மூழ்கிக் குளிர்விப்பு நின்றுபோனது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு இருக்கிறது. 2004 சுனாமியின்போது கல்பாக்கத்தில் கடல்நீர் பம்புக் கூடத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது.

ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளை மூடியது, உண்மை. பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டே மூடியது. விடுங்கள்.

சூரியசக்தி, காற்றாலை? வேண்டும், நிறைய வேண்டும். முப்பந்தலில் காற்று மே முதல் செப்டம்பர் வரை வீசும். சூரியன் ஆறரைக்குப் போய்விடும், நம் வீடுகளில் விளக்கும் ஃபேனும் டிவியும் உச்சத்துக்குப் போவது அதற்கு அப்புறம்தான்.

இவ்வளவு சொன்னதால் என்னை அணுசக்தித் துறையின் வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள். கூடங்குளத்துக்குப் பக்கத்து இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் பந்தலில் உலையை எதிர்த்து உட்கார்ந்திருந்த பெண்களை நான் ஒரு வார்த்தை குறைசொல்லமாட்டேன். தங்கள் கடலுக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்று கேட்டார்கள். முறையாகப் பதில் சொல்லியிருக்கவேண்டும், அவர்கள் பேச்சில், அவர்கள் வீட்டு வாசலில். அதற்குப் பதில் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் கண்ணீர்ப்புகை வீசினார்கள். 2013-இல் உச்சநீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தபோது, வழக்குகளைத் திரும்பப் பெற முயலுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. ஒரு நல்ல தொழில்நுட்பத்தை இதைவிட மோசமாக யாரும் மக்களிடம் கொண்டுபோயிருக்க முடியாது.

வேகமும் கிடையாது. கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டது 1988-இல். மின்சாரம் வந்தது 2013-இல். நடுவில் சோவியத் யூனியனே இல்லாமல் போய்விட்டது, சரி. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலைக்கு, அதாவது ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலைக்கு, என்ன சாக்கு? 2004-இல் தொடங்கிய வேலை, இருபது வருஷம் தாண்டியும் மின்சாரம் தராமல் நின்றது. பிரான்ஸ் 1974-இல் முடிவெடுத்து, இருபது சொச்சம் வருஷத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட உலைகளைக் கட்டிமுடித்தது. இன்றைக்கும் அந்த நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதிலிருந்துதான். நம் நாட்டில் அணு மின்சாரத்தின் பங்கு இன்னும் 3 சதவீதத்தை ஒட்டியே கிடக்கிறது. அணு உலையை எதிர்ப்பவர்கள் கேட்கவேண்டிய உருப்படியான கேள்வி இதுதான்: ஏன் இவ்வளவு தாமதம், தாமதத்தின் செலவு யார் தலையில்? கதிர்வீச்சைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் கதைகளை விட்டுவிட்டு அதைக் கேட்டால் நானும் உங்களோடு வந்து உட்காருகிறேன்.

கடைசியாக ஏசி. உங்கள் மகள் எந்த வகுப்பு என்று எழுதவில்லை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். கோவில்பட்டி மே மாத வெயிலில் அவளைப் புழுங்கவைப்பது உங்கள் கொள்கை, அவள் உடம்பு. வாங்கிக்கொடுங்கள். ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள், 26 டிகிரியில் வையுங்கள், ஃபேனையும் கூடப் போடுங்கள். சொந்த வீடோ மொட்டைமாடியில் உரிமையோ இருந்தால் சோலார் பலகைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

அன்புடன்.