தடங்காணும் செயலி: வாசகர் கேள்வி-பதில்

(கோவிட் காலத்தில் மலேசிய வாசகர்கள் கேட்டவை. அப்போது கடை வாசலில் கியூஆரை ஸ்கேன் செய்து, அரசின் மைசெஜாத்ரா செயலியில் வருகையைப் பதிய வேண்டும்; அதுதான் செக்-இன். 2022 மே முதல் அது கட்டாயமில்லை.)

கே: மைசெஜாத்ராவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் பழைய செக்-இன் போய்விடுமா? (செந்தூல்)

ப: போகாது. கைத்தொலைபேசியிலிருந்து போவது செயலி மட்டும். பெயர், எண், கடை, நேரம் எல்லாம் சர்வரில் இருக்கிறது.

கே: ஸ்கேன் செய்தால் நான் போகும் வழியெல்லாம் பதிவாகுமா? (பட்டர்வொர்த்)

ப: இல்லை. அந்தக் கடை, அந்த நேரம், அவ்வளவுதான். ஆனால் காலையில் கோவில், பத்து மணிக்கு கிளினிக், மதியம் அடகுக் கடை என்று ஏழெட்டு இடம் சேர்ந்தால் உங்கள் அன்றாடமே தெரிந்துவிடும். ஸ்கேன் செய்ய கேமரா அனுமதி போதும். இட அனுமதியை அமைப்புகளில் போய் நிறுத்துங்கள். எத்தனை தடவை சொல்வது!

கே: பக்கத்தில் இருக்கும் போன்களைக் குறித்துக்கொள்ளும் புளூடூத் செயலி பாதுகாப்பானதா? (பிறை)

ப: எந்தச் செயலி என்று எழுதவே இல்லையே. தொற்று உறுதியானவரை யார் யார் நெருங்கினார்கள் என்ற ஒப்பீடு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். ஆப்பிள்-கூகுள் முறையில் அது அவரவர் போனிலேயே நடந்தது. போன் பரப்பும் அடையாள எண்ணும் பத்து இருபது நிமிடத்துக்கொரு முறை மாறியது. சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் செயலியில் தொற்று உறுதியானவரின் தொடர்புப் பட்டியல் அரசு சர்வருக்குப் போனது, யார் யார் என்று அங்கே பிரித்துப் பார்க்க முடிந்தது. சமிக்ஞையின் பலத்தை வைத்துப் போடும் தூரக் கணக்கை ரொம்ப நம்பாதீர்கள். பின்பாக்கெட்டில் இருக்கும் போனின் சமிக்ஞையை உடம்பே உறிஞ்சிவிடும். பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தாண்டியும் ‘நெருங்கிய தொடர்பு’ ஆகிவிடுவார்.

கே: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கும்போது பயம் எதற்கு? (பிரிக்பீல்ட்ஸ்)

ப: இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. சட்டத்தைப் புரட்டிப் பார்க்காமல் சட்டம் பேசுகிறீர்கள். மூன்றாவது பிரிவை வாசியுங்கள்: மத்திய, மாநில அரசுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. தெருமுனைக் கடைக்காரர் உங்கள் எண்ணை விற்றால் வழக்குண்டு, அமைச்சின் சர்வரில் கசிந்தால் இச்சட்டத்தில் வழியில்லை. மிச்சம் இருப்பது அரசின் வாக்குறுதிதான். அதன் கதியைச் சிங்கப்பூரில் பார்த்தோம். டிரேஸ்டுகெதர் தரவு தொற்றுத் தொடர்பு தேட மட்டுமே என்றார்கள். குற்ற விசாரணைக்குப் போலீசும் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிந்தது. பிறகு அவசரமாகச் சட்டம் போட்டு, கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். இங்கே கேட்க வேண்டியது மூன்று: எதற்கு மட்டும், எத்தனை நாள், அழித்ததை யார் சரிபார்ப்பது. மூன்றும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். செயலியின் கேள்வி-பதில் பக்கத்தில் இருந்தால் நாளைக்கே மாற்றிவிடலாம்.

கே: கடை வாசல் வருகை நோட்டில் ஐசி (அடையாள அட்டை) எண் எழுதச் சொல்கிறார்கள். (ஜார்ஜ்டவுன்)

ப: எழுதாதீர்கள். பெயரும் போன் எண்ணும் போதும். திறந்து கிடக்கும் அந்த நோட்டை அடுத்து வருபவரெல்லாம் படிக்கிறார். கடைக்காரரே, முந்தைய பக்கத்தையாவது மூடி வையுங்கள்.

கே: தடுப்பூசிச் சான்றிதழை ஃபேஸ்புக்கில் போடலாமா? கியூஆரை மறைத்துவிட்டேன். (செந்தூல்)

ப: வேண்டாம். மேலே ஐசி எண் அப்படியே தெரிகிறது.