கிரேக்கத் தீவில் வெளிநாட்டவராகக் குடியிருந்தால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

சீரோஸ் தீவை வைத்துச் சொல்கிறேன். சுற்றுலாவை மட்டுமே நம்பிய தீவுகளில் அக்டோபர் முடிந்ததும் கடை கடையாகப் பூட்டு விழும். சீரோஸில் அப்படியில்லை. சிக்லாடிஸ் தீவுக்கூட்டத்தின் தலைநகரான எர்முப்போலி இங்கேதான். மருத்துவமனை, நீதிமன்றம், கப்பல் கட்டும் தளம் எல்லாம் உண்டு. வருடம் முழுக்க ஊர் கலகலப்பாக இருக்கும்.

போனதும் முதல் வேலை, 9 இலக்க வரி எண் வாங்குவது. அது இல்லாமல் வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு எதுவும் நகராது.

கோடையில் பிற்பகல் 3 முதல் 5:30 வரை ஓய்வு நேரம். சுவரில் ஆணி கூட அடிக்காதீர்கள். கழிவறைக் காகிதத்தை உள்ளே போடக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் மூடி போட்ட கூடை இருக்கும்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்றுதான். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். காற்றின் வலிமையைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8-ஐத் தொட்டால் பெரிய கப்பல்களுக்கே தடை. சிறியவை அதற்கு முன்பே நின்றுவிடும். கப்பல் தொடர்ந்து வராவிட்டால் கடையில் காய்கறித் தட்டுகள் காலியாகத் தொடங்கும். ஏதென்ஸில் விமானம் பிடிக்க வேண்டுமா? ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள்.

குளிர்காலம் ஈரமானது. பழைய கல் வீடுகளில் சுவரில் பூஞ்சை படரும். அதனால் வீட்டை முடிந்தால் ஜனவரியில் பாருங்கள். ஒப்பந்தம் 12 மாதத்துக்கா என்று கட்டாயம் கேளுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்காக மே மாதம் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு.