மோல் பின்னக் கணக்கு: எங்கே தப்பு வருகிறது?

கேள்வி: 46 கிராம் எத்தனால், 54 கிராம் தண்ணீர். எடைப்படி 46 சதவீதம். மோல் பின்னம் மட்டும் எப்படி 0.25 ஆகிறது?

பதில்: மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; ஒரு பொருளின் மோல்களைக் கலவையின் மொத்த மோல்களால் வகுத்தால் அதன் மோல் பின்னம். எத்தனாலின் மோலார் நிறை, அதாவது 1 மோலின் எடை, 46.07 கிராம். ஆக, இருப்பது 1 மோல். தண்ணீருக்கு 18.02; 54 கிராம் என்பது 3 மோல். மொத்தம் 4, அதில் எத்தனால் 1. தண்ணீரின் பின்னத்தை 1-லிருந்து கழித்து எழுதாதீர்கள், தனியாகவே போடுங்கள். இரண்டும் கூடி 1 வராவிட்டால் எங்கே பிசகு என்று அப்போதே தேடலாம்.

கேள்வி: சார், 24.97 கிராம் காப்பர் சல்பேட்டை 90.1 கிராம் தண்ணீரில் கரைத்தேன். மோல் பின்னம் எனக்கு 0.0196 வருகிறது, விடை 0.0179.

பதில்: நீங்கள் எடுத்தது நீலப் படிகம், இல்லையா? அதில் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு 5 நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். 0.1 மோல் படிகம் கரையும்போது 0.5 மோல் தண்ணீரும் கரைப்பானோடு சேர்ந்துவிடும். எனவே தண்ணீர் 5 அல்ல, 5.5 மோல், 0.1-ஐ 5.6-ஆல் வகுக்க வேண்டும். மிக அதிகமாக நடக்கும் தவறு இது. பாட்டில் லேபிளைப் பாருங்கள்: மோலார் நிறை 249.7 என்றால் படிக நீர் உண்டு, 159.6 என்றால் நீரற்ற வெள்ளைத் தூள். அந்த வெள்ளைத் தூளும் ஈரம் பட்டால் நீலமாகும்; நீலம் பாய்ந்த தூளை 159.6 என்று கணக்கிடாதீர்கள்.

கேள்வி: 2 மோலால் யூரியா கரைசலின் மோல் பின்னம்?

பதில்: 2 மோலால் என்றால் 1 கிலோ தண்ணீரில் 2 மோல் யூரியா. 1 கிலோ தண்ணீர் 55.51 மோல். 2-ஐ 57.51-ஆல் வகுத்தால் 0.0348.

கேள்வி: 1 மோலால் சோடியம் குளோரைடுக்கு 0.0177 என்றும் 0.0348 என்றும் இரண்டு விடை பார்த்தேன். எது சரி?

பதில்: உப்பை ஒரே அலகாக எண்ணினால் முதலாவது. சோடியம், குளோரைடு அயனிகளைத் தனித்தனியாக எண்ணினால் இரண்டாவது. மேலே யூரியாவுக்கு வந்த அதே எண். உப்பு கரைவதால் தண்ணீரின் ஆவி அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட அயனிகளைத்தான் எண்ண வேண்டும். எப்படி எண்ணினீர்கள் என்பதை விடையோடு எழுதிவிடுங்கள்.

கேள்வி: கன அளவு சதவீதத்தையே மோல் சதவீதமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சாதாரண அழுத்தத்தில் வாயுக்களுக்கு எடுக்கலாம். உலர் காற்றில் ஆக்சிஜன் 20.95 கன அளவு சதவீதம், மோல் பின்னம் 0.2095. திரவத்தில் எடுபடாது. 20 டிகிரி செல்சியசில் 50 மில்லி எத்தனால் 0.856 மோல், 50 மில்லி தண்ணீர் 2.77 மோல், எத்தனாலின் பின்னம் 0.236தான். கலந்த பிறகு 100 மில்லியும் தேறாது, ஏறக்குறைய 96 ஆகச் சுருங்கிவிடும். திரவங்களைத் தராசில் நிறுத்தே எடுங்கள்.