வளர்ப்பு மலைப்பாம்பு சில நாட்களுக்கு மட்டும் நிறம் மாறுவது ஏன்?

பளபளவென்றிருந்த மலைப்பாம்பு திடீரென மங்கிப்போய், ஒன்றிரண்டு வாரங்களில் பழைய நிறத்துக்கே திரும்பிவிடுகிறது, இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நோயன்று; பாம்பு சட்டை உரிக்கத் தயாராகிறது.

லண்டனில் எங்கள் வீட்டில் ஒரு ராயல் பைத்தான் வளர்கிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிறிய மலைப்பாம்பு இனம் அது. சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது அதன் வெளிறிய வயிறு இளஞ்சிவப்பாகும். பிறகு முதுகிலுள்ள கரும்பழுப்புத் திட்டுகள் சாம்பல் பூத்தது போல் மங்கும். அதையடுத்துக் கண்கள் இரண்டும் நீலம் கலந்த பால் நிறத்துக்கு மாறும். பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் முழுதாக உருவான பின்னர், இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் சுரந்து அவற்றைப் பிரிக்கிறது. அந்த இடைவெளியில் ஒளி சிதறுவதால்தான் அடியிலிருக்கும் நிறம் நமக்கு மங்கலாகத் தெரிகிறது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில். அதன் மேலடுக்கும் சட்டையோடு கழல்வதால் கண்ணும் சேர்ந்தே மங்குகிறது. உரிப்பதற்குச் சில நாட்கள் முன்னதாகக் கண் மீண்டும் தெளிந்துவிடும். நிறம் திரும்பிவிட்டதே, இனி ஒன்றுமில்லை என்று புதிதாக வளர்ப்பவர்கள் எண்ணிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான்.

இந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை சரியாக இராது. ஆகவே ஒளிந்தே கிடக்கும், எலியைக் கொடுத்தாலும் பெரும்பாலும் தொடாது, கை அருகில் போனால் சீறவும் கூடும். அதைத் தூக்காமல் விட்டுவிட்டு, கூண்டின் ஈரப்பதத்தைச் சற்றுக் கூட்டி, முகத்தை உரசிக்கொள்ளச் சொரசொரப்பான கல் ஒன்றை வைத்தால் போதும். உதட்டோரம் கிழியத் தொடங்கும் சட்டை, காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வரும்படி முழு நீளத்துக்கும் உரிந்துவரும். உரிந்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண் செதில்களும் அதில் இருக்கின்றனவா என்று அவசியம் பாருங்கள். ஒன்று கண்ணிலேயே தங்கிவிட்டாலும், தயவுசெய்து இடுக்கியால் பிடுங்காதீர்கள், கண்ணே சேதமாகிவிடும்.

சட்டை உரிப்பதற்குத் தொடர்பில்லாத நிறமாற்றமும் சில மலைப்பாம்புகளில் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்ட் பகுதியில், மணற்பாறைக் குன்றுகளில் வாழும் ஓயன்பெல்லி மலைப்பாம்பு பகலில் பழுப்பாகவும் இரவில் வெளிறிய வெள்ளிச் சாம்பலாகவும் தோன்றும். 1977-இல்தான் அறிவியல் பெயர் பெற்ற இந்த இனத்தை நான் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்றாலும், மலைப்பாம்புகளிலேயே என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். ஊர்வனவற்றில் இத்தகைய மாற்றத்துக்கு அடிப்படை, தோலின் நிறமிச் செல்களில் இருக்கும் மெலனின் துகள்களின் இடப்பெயர்ச்சி. துகள்கள் செல் முழுவதும் பரவினால் உடல் கருக்கும். நடுவில் குவிந்தால் வெளிறும். இதை ஹார்மோன்கள் நடத்துவதால், பச்சோந்தியைப் போல நொடிகளில் மாறாமல் மெதுவாகவே நிகழ்கிறது. பச்சை மர மலைப்பாம்புகளில் சில பெண் பாம்புகள் சினைக்காலத்தில் நீலம் பாய்ந்து, பிறகு பச்சைக்குத் திரும்புவதும் ஹார்மோன் விளைவே. அதே இனத்தின் மஞ்சள் குட்டி வளர்ந்து பச்சையாவது நிரந்தர மாற்றம். அதை இதோடு சேர்க்கக் கூடாது.

கவலைப்பட வேண்டிய நிறமாற்றம் வேறு. உரிக்கும் காலத்து இளஞ்சிவப்பு வயிறு முழுவதும் சீராகப் பரவியிருக்கும், செதில்கள் வழவழப்பாகவே இருக்கும். அப்படியின்றி, சிவப்பு அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தாலோ, செதில்கள் கொப்புளித்தாலோ பழுப்பேறி மெத்தென்று ஆனாலோ, சட்டை உரித்த பிறகும் சிவப்பு மறையாவிட்டாலோ, செதில் அழுகலாகவோ இரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள்.