வெள்ளைக் கோட்டு மருத்துவர் யாருக்காகப் பேசினார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலியல் கல்வி என்ற பெயரில் வெளிவந்த பழைய அமெரிக்கப் படங்களைக் கடுமையாக விமர்சித்திருந்தீர்கள். பணத்துக்காகவே எடுத்திருந்தாலும், வீட்டிலும் பள்ளியிலும் யாரும் சொல்லாததை அவைதானே சொல்லின? அவற்றைக் கல்விப் படங்கள் என்று ஏற்பதில் என்ன தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வாதம் 1945இல் வெளிவந்த ‘மாம் அண்ட் டாட்’ படத்துக்கு ஓரளவு பொருந்தும். பாலியல் சுகாதாரமும் பால்வினை நோய்களும் திரைப்படத்துக்குரிய பொருள்களே அல்ல என்று ஹாலிவுட்டின் தணிக்கை விதி தடுத்திருந்த காலம் அது. மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் தாய், இவற்றைக் கற்பித்ததற்காக வேலையிழக்கும் ஆசிரியர், ஒன்றும் அறியாமல் கருவுறும் பெண் என்று அதன் கதை அந்த மௌனத்தையே குற்றம்சாட்டியது. உண்மையான பிரசவக் காட்சியையும் காட்டியது.

ஆனால் அது திரையிடப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் க்ரோகர் பாப் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் காட்சிகள் நடத்தினார். அரங்கில் செவிலியர் உடையணிந்த பெண்கள் நின்றார்கள். படத்தை இடையில் நிறுத்திவிட்டு, ‘எலியட் ஃபோர்ப்ஸ்’ என்ற பாலியல் சுகாதார நிபுணர் மேடையேறிப் பேசுவார். பேச்சு முடிந்ததும் சிறுநூல் விற்பனை நடக்கும். அப்படியொரு நிபுணர் இருந்ததே இல்லை. ஒரே காலத்தில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் அந்தப் பெயரில் பேசிக்கொண்டிருந்தார்கள். அறியாமையால் அஞ்சியிருந்த மக்களிடம், மருத்துவ அறிவின் பெயரால் இல்லாத ஒருவரை நிறுத்திக் காசு வாங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1960களின் இறுதியில் வந்த ‘வெள்ளைக் கோட்டு’ப் படங்களுக்கு இந்த அளவு சலுகைகூடத் தர மாட்டேன். மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டணிந்த ஒருவர் தாம்பத்திய நலம் பற்றி உரையாற்றுவார். அடுத்து ஒரு ஜோடி உடலுறவு நிலைகளை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டும். இந்த வடிவத்துக்குக் காரணம் சட்டம். ஒரு படைப்பு சமூகப் பயன் சிறிதும் அற்றதாக இருந்தாலன்றி அதை ஆபாசம் என்று தடைசெய்ய முடியாது என்ற அளவுகோலை 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்வைத்தது. அந்தச் ‘சமூகப் பயனை’க் காட்டவே மருத்துவர் திரையில் உட்காரவைக்கப்பட்டார்; பார்வையாளருக்குத் தெரியாத எதையும் தெரிவிப்பது அவருடைய வேலையாக இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அத்தகைய காட்சிகளைக் கொண்ட கதைப்படங்களே அரங்குகளில் ஓடத் தொடங்கியதும் மருத்துவரும் மறைந்துபோனார். கற்றுக்கொள்ளத்தான் கூட்டம் வந்தது என்றால், அவர் ஏன் மறைய வேண்டும்?

இவற்றைப் பார்த்தும் சிலர் எதையேனும் தெரிந்துகொண்டிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. கருத்தரிப்பைத் தவிர்ப்பது, நோயைத் தடுப்பது, எதிரில் இருப்பவரின் விருப்பத்தைக் கேட்டறிவது ஆகியவற்றை ஒரு படம் எவ்வளவு அக்கறையோடு சொல்கிறது என்பதை வைத்தே அதைக் கல்வி என்று ஏற்பேன். உடல்களைக் காட்டும் படம் எதுவும் கல்வியாகாது என்பதும் என் கட்சி அல்ல. 1969இல் வந்த ஸ்வீடனின் ‘காதலின் மொழி’யும் உடலுறவை வெளிப்படையாகக் காட்டியது, ஆனால் அதில் அமர்ந்து உரையாடியவர்கள் ஸ்டென் ஹெகலர், இங்கெ ஹெகலர் போன்ற, பாலியல் கல்வித் துறையிலேயே உழைத்த உண்மையான வல்லுநர்கள். அமெரிக்கச் சுங்கத்துறை அந்தப் படத்தைப் பறிமுதல் செய்தது. அது ஆபாசமல்ல என்று 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன்.